ஹீமோபிலியாவுக்கு மருந்து இலவசம், சரி. அது எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது? கரியாஹாட்டில் நின்று ஒரு கணக்கு

கொல்கத்தாவுக்கு வேலை மாற்றலாகி வந்தவர் நீங்கள் என்றால் கரியாஹாட்டைத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. முதல் கைத்தறிச் சேலையையோ திரைச்சீலையையோ அங்கே நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கியிருப்பீர்கள். ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே போனால் லேக் மார்க்கெட். நம்ம ஊர் இட்லி, ஃபில்டர் காபி எல்லாம் கிடைக்கிற ஏரியா. கிழக்குப் பக்கம் போனால் பாலிகஞ்ச் ரயில் நிலையம். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த ஸ்டேஷன்தான்.

கேனிங், டயமண்ட் ஹார்பர், லக்‌ஷ்மிகாந்தபூர், நாம்கானா என்று சுந்தரவனத்து ஓரங்களிலிருந்து வரும் மின்ரயில்கள் இந்த வழியாகத்தான் சியால்டா போகின்றன. காலை ரயிலில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், காய்கறிக் கூடைக்காரர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இருப்பார்கள். சியால்டாவை ஒட்டியுள்ள நீல்ரதன் சர்க்கார் (என்.ஆர்.எஸ்.) மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது. பிரச்னை, அந்த மருந்து ரயிலின் அந்த முனையில் இருக்கிறது, அவர் இந்த முனையில் இருக்கிறார்.

'அதான் ஜி.எஸ்.டி.யே எடுத்துட்டாங்களே?'

நியாயமான கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில் உயிர்காக்கும் மருந்துகள் சிலவற்றின் வரி 12 சதவீதத்திலிருந்து பூஜ்யமானது. அந்தப் பட்டியலில் ஹீமோபிலியாவுக்கான எமிசிசுமாப் ஊசியும் இருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் ஹீமோபிலியா உள்ள பெரும்பாலான இந்தியக் குடும்பங்கள் இந்த மருந்துகளைக் கடையில் வாங்குவதில்லை. வாங்கவும் முடியாது. அரசு கொள்முதல் செய்து கொடுத்தால் உண்டு. வரி குறைந்தால் அரசின் பில் குறையும். அதே பணத்தில் எத்தனை குப்பி கூடுதலாக வாங்குகிறார்கள், அவற்றை எந்த ஊர் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள் என்பதுதான் நோயாளிக்கு முக்கியம்.

அடிப்படை, சுருக்கமாக

ரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். அதில் ஃபேக்டர் 8 குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஃபேக்டர் 9 குறைந்தால் ஹீமோபிலியா பி. இந்த இரண்டுக்குமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண்களைத் தாக்குகிறது. பெண்கள் பெரும்பாலும் அதைக் கடத்துபவர்களாக இருக்கிறார்கள். அவர்களிலும் சிலருக்கு மாதவிடாயிலோ பிரசவத்திலோ கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு உண்டு. அதை யாரும் ஹீமோபிலியா கணக்கில் சேர்ப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது. ஆகவே, 'எங்க பரம்பரையிலேயே இல்லையே' என்று சொல்லி யாரும் தப்பித்துவிட முடியாது.

பலரும் நினைப்பதுபோல விரலில் பிளேடு பட்டால் ரத்தம் போயே இறந்துவிடுவார்கள் என்பதல்ல இந்த நோய். உண்மையான சேதம் உள்ளே நடக்கிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் அடிபடாமலேயே ரத்தம் கசியும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரிக்கப்படும். நோய் தீவிரமாக உள்ள ஒரு பையனுக்குச் சரியான சிகிச்சை இல்லாவிட்டால் பள்ளிப் படிப்பு முடியும் முன்பே ஒரு கால் மடங்காமல் போகலாம். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

மருந்து, குறைந்த புரதத்தை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றுவது. கசிவு தொடங்கி எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் இலக்கு. இந்த 'இரண்டு மணி நேரம்' என்பதை மட்டும் மனசில் வையுங்கள்.

எத்தனை பேர்?

என்னைப் போன்ற டேட்டா ஆட்களுக்கு இந்த நோயில் முதலில் உறுத்துவது, காணாமல் போனவர்களின் எண்ணிக்கை.

ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், இத்தாலி, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகளின் நோயாளிப் பதிவேடுகளை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி ஒரு லட்சம் ஆண்களில் 17.1 பேருக்கு ஹீமோபிலியா ஏ, 3.8 பேருக்கு பி. இரண்டும் சேர்ந்து 20.9. இந்த நோய் இனம், ஊர் பார்த்து வருவதில்லை. எனவே இதே விகிதத்தை நம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போட்டுப் பார்க்கலாம்.

மேற்கு வங்கத்தில் ஆண்கள் 4.68 கோடி. எதிர்பார்க்க வேண்டிய நோயாளிகள் சுமார் 9,800. தமிழ்நாட்டில் 3.61 கோடி ஆண்கள், சுமார் 7,500 நோயாளிகள். இந்தியா முழுக்க 1.3 லட்சம். இது பழைய மக்கள்தொகை. இன்றைய தொகையை வைத்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஆனால் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் இந்தியாவில் அடையாளம் காணப்பட்டவர்கள் சமீப ஆண்டுகளில் 20 ஆயிரத்துக்கும் 30 ஆயிரத்துக்கும் இடையில்தான் இருக்கிறார்கள்.

மீதிப் பேர் எங்கே? லேசான பாதிப்புள்ள பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. பல் பிடுங்கும்போதோ, அறுவை சிகிச்சையின்போதோதான் வெளிவரும். இன்னொரு பகுதியினர் உயிரோடு இல்லை. இதைச் சொல்ல அதே ஆய்வில் ஒரு தடயம் இருக்கிறது. பிறக்கும் ஒரு லட்சம் ஆண் குழந்தைகளில் 29.6 பேருக்கு இந்த நோய். உயிரோடு இருக்கும் ஆண்களிலோ 20.9 தான். வசதியான நாடுகளிலேயே பழைய தலைமுறை நோயாளிகள் சீக்கிரம் இறந்துபோன இடைவெளி அது. ஃபேக்டர் வராத நம் கிராமங்களில் அந்த இடைவெளி எவ்வளவு என்று அளக்க நம்மிடம் பதிவேடே இல்லை. 'தலையில் ரத்தக் கசிவு, ஆண் குழந்தை, வயது 3' என்று எழுதப்படும் ஒரு மரணத்துக்குப் பின்னால் ஹீமோபிலியா இருந்ததா என்று கேட்க ஒரு பரிசோதனை நடந்திருக்க வேண்டும்.

அந்தப் பரிசோதனை ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஏ.பி.டி.டி. எனப்படும் உறைதல் நேரச் சோதனை நீண்டும், பி.டி. சோதனை சரியாகவும் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் எந்த ஃபேக்டர், எத்தனை சதவீதம் என்று உறுதி செய்ய அதற்கான ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். அது எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் கிடையாது.

கொல்கத்தாவில் ரத்தவியலுக்குக் குறைச்சல் இல்லை

இதுதான் வேடிக்கை. இந்தியாவின் முதல் ரத்த வங்கி 1942-ல் தொடங்கப்பட்ட ஊர் இது. 1950-களிலேயே கல்கத்தா ட்ராபிகல் மெடிசின் பள்ளியில் ஜே.பி. சாட்டர்ஜி தலசீமியா பற்றி உலகம் கவனிக்கும் ஆய்வுகளைச் செய்தார். இன்று என்.ஆர்.எஸ்.ஸிலும், காலேஜ் ஸ்ட்ரீட்டில் உள்ள கொல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் தனி ரத்தவியல் துறைகள் இருக்கின்றன. கரியாஹாட்டில் குடியிருக்கும் ஒருவருக்குக் கசிவு வந்தால் டாக்சி பிடித்து, டிராஃபிக்கையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம்.

இப்போது கோசாபாவைப் பாருங்கள். சுந்தரவனத் தீவு. அங்கிருந்து படகில் கோட்காலி, பிறகு சாலை வழியாக கேனிங், அங்கிருந்து சுமார் 45 கி.மீ. ரயிலில் சியால்டா. படகுக்குக் காத்திருப்பது, ரயிலைத் தவறவிடுவது, ஓ.பி. சீட்டு வரிசை எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேர இலக்கு கேனிங்கிலேயே முடிந்துபோகும். கசிவு ராத்திரி 11 மணிக்கு ஆரம்பித்தால் மறுநாள் காலை வரை ஐஸ் கட்டிதான் மருந்து.

அருகிலுள்ள சின்ன அரசு மருத்துவமனைக்குப் போனால் என்ன? ஃபேக்டர் கையிருப்பு இல்லாத இடங்களில் பிளாஸ்மாவோ க்ரையோவோ ஏற்றுவார்கள். க்ரையோ 1964-ல் கண்டறியப்பட்ட முறை. ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலை. ஆனால் அதில் ஃபேக்டர் 9 கிடையாது. அதாவது ஹீமோபிலியா பி நோயாளிக்கு க்ரையோ ஏற்றினால் பலன் இல்லை. ஏ-வா, பி-யா என்று எழுதிய ஒரு சீட்டு சட்டைப் பையில் இல்லாதவருக்கு இந்தத் தவறு நடக்கச் சாத்தியம் அதிகம். அதோடு, தானம் செய்யப்பட்ட ரத்தத்திலிருந்து நேரடியாக எடுக்கும் பொருட்களில் கிருமித் தொற்று அபாயம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிட்டனில் 1970, 80-களில் மாசுபட்ட ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் 30,000-க்கும் அதிகமானோருக்குத் தொற்று ஏற்பட்டது, சுமார் 3,000 பேர் இறந்தார்கள் என்று 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. அதில் ஹீமோபிலியா நோயாளிகள் கணிசமானவர்கள்.

ரயில் நின்றபோது

மருந்தை நகரத்தில் வைத்துவிட்டு நோயாளியை வரச்சொல்லும் ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதைத் தனியாக ஆய்வு செய்ய வேண்டியதில்லை. கொரோனா அதைச் செய்து காட்டியது. 2020 மார்ச்சில் நின்ற கொல்கத்தா புறநகர் ரயில்கள் நவம்பர் 11-ல்தான் மறுபடி ஓடின. 2021 மே 6-ல் மீண்டும் நிறுத்தி, அக்டோபர் 31-ல் திறந்தார்கள். இரண்டையும் கூட்டினால் ஒரு வருடத்துக்கும் மேல். நடுவில் 2020 மே 20-ல் ஆம்பன் புயல், 2021 மே 26-ல் யாஸ். படகுத்துறை, மின்கம்பம், சாலை எல்லாம் போயின. ஃபேக்டர் குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வெளியே வைக்கலாம். கரண்ட் இல்லாத தீவில் வீட்டில் ஸ்டாக் வைத்துக்கொள்வதும் லேசுப்பட்ட காரியமில்லை.

அப்போது வேறு எல்லா நோயாளிகளுக்கும்தான் ரயில் நின்றது, உண்மை. ஆனால் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை உள்ளூர் மருந்துக் கடையில் வாங்கிச் சமாளிக்கலாம். ஃபேக்டரை வாங்க முடியாது.

ஒரு 20 கிலோ பையனின் கணக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு மொத்தக் கட்டுரையிலும் முக்கியமாகப் படுவது இதுதான்.

ஃபேக்டர் 8-ஐக் கிலோ எடைக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் அதன் அளவு 2 சதவீதம் உயரும். மூட்டுக் கசிவை நிறுத்த 40 சதவீதம் வேண்டும் என்றால் கிலோவுக்கு 20 யூனிட். 20 கிலோ பையனுக்கு 400. குப்பிகள் 250, 500 என்று வருவதால் 500 யூனிட் போகும். ஏற்றிய ஃபேக்டர் 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் பல சமயம் இரண்டாவது ஊசியும் தேவைப்படும். ஆக ஒரு கசிவுக்கு 1,000 யூனிட். நோய் தீவிரமாக உள்ள பையனுக்கு வருடத்தில் 25 கசிவு என்று வைத்தால் 25,000 யூனிட். இதுதான் 'கசிந்த பிறகு சிகிச்சை'.

இன்னொரு வழி, கசியும் முன்பே கொடுப்பது. கிலோவுக்கு 10 யூனிட், வாரம் இரண்டு முறை. இது குறைந்த டோஸ் தடுப்பு முறை. 20 கிலோவுக்கு 200, குப்பிக் கணக்கில் 250. வருடத்துக்கு 104 ஊசி, 26,000 யூனிட்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்துச் செலவு கிட்டத்தட்ட ஒன்றேதான். முதல் வழியில் 25 முறை வலி, 25 முறை ரயில், அப்பாவுக்கு 25 நாள் கூலி நஷ்டம், கடைசியில் மூட்டும் போகும். இரண்டாவது வழியில் கசிவு வெகுவாகக் குறையும். என்னுடைய 25 என்பது ஓர் அனுமானம்தான். கசிவு குறைவாக உள்ள பையனுக்குத் தடுப்பு முறையில் மருந்து கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் தீவிர பாதிப்பு உள்ளவர்களுக்குத் தடுப்பு முறைதான் அடிப்படைச் சிகிச்சை என்று உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

அப்படியென்றால் ஏன் செய்வதில்லை? 104 முறை யார் ஊசி போடுவது, எங்கே போடுவது? அதற்காக வருடத்துக்கு 104 தடவை பாலிகஞ்ச் வழியாகப் போய்வரச் சொல்ல முடியுமா? நரம்பில் போட வேண்டிய ஊசி அது. பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, குப்பிகளை வீட்டிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வைத்தால்தான் இது நடக்கும். மருந்து வாங்கப் பட்ஜெட் ஒதுக்குவதைவிட, வாங்கிய மருந்தைக் கீழே இறக்குவதுதான் நம் அமைப்புக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பது என் கருத்து.

பட்ஜெட்டும் சின்ன விஷயமில்லை. ஒரு நாட்டின் நோயாளிகள் உயிர் பிழைத்திருக்கவே தலைக்கு வருடம் 1 யூனிட் ஃபேக்டர் 8 என்பது உலகக் கூட்டமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு. 9.13 கோடி மக்கள் உள்ள மேற்கு வங்கத்துக்கு 9.13 கோடி யூனிட். கணக்குச் சுலபத்துக்காக யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் வருடம் 91 கோடி ரூபாய். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் முதல் பொறுப்பு மாநிலத்தின் தலையில் விழுகிறது. தேசிய சுகாதார இயக்கம் கைகொடுத்தாலும் டெண்டர் தாமதமானால் ஸ்டாக் தீர்ந்துவிடும். 'இந்த வருடம் இத்தனை லட்சம் யூனிட் வாங்கினோம்' என்ற மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. 11 மாதம் நிறைய இருந்து ஒரு மாதம் பூஜ்யமாக இருந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். பார்க்க வேண்டிய எண், எந்த மருத்துவமனையில் எத்தனை நாள் குப்பி இல்லாமல் இருந்தது என்பது.

இன்சூரன்ஸ் கார்டு ஏன் உதவாது?

மேற்கு வங்கத்தின் ஸ்வாஸ்த்ய சாத்தி திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் அதே 5 லட்சம். (அதிலிருந்து மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் விலகியது தனி அரசியல் கதை.) இரண்டுமே அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காக வடிவமைக்கப்பட்டவை. ஹீமோபிலியாவுக்கு வேண்டியதோ அட்மிட் ஆகாமல் இருக்க, வாரா வாரம் ஓ.பி.யில் அல்லது வீட்டில் போடும் ஊசி. உங்கள் கம்பெனி குரூப் பாலிசியை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலும் இதே ஓட்டைதான். காலை இழந்த பிறகு ஆபரேஷனுக்குப் பணம் வரும், காலைக் காப்பாற்றும் ஊசிக்கு வராது.

புது மருந்துகள்: கேரளாவும் வேலூரும்

எமிசிசுமாப் இந்தக் கதையை மாற்றக்கூடியது. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற மருந்து. ஹீமோபிலியா ஏ-வுக்கு மட்டும்தான். நரம்பைத் தேட வேண்டாம், தோலுக்கு அடியில் போட்டால் போதும். வாரம் ஒரு முறை, அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறைகூடப் போடலாம். ஃபேக்டர் 8-ஐ உடல் எதிரியாக நினைத்து அழித்துவிடும் 'இன்ஹிபிட்டர்' பிரச்னை, தீவிர ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு வருகிறது. அவர்களுக்கும் இது வேலை செய்யும். 104 ஊசியை 13 ஆக்கும் மருந்து என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். கேரள அரசு 2024-ல் 18 வயதுக்கு உட்பட்ட நோயாளிகளுக்கு இதை இலவசமாகக் கொடுக்க முடிவெடுத்தது. விலை அதிகம்தான். ஆனால் கேரளா போட்டது வெறும் விலைக் கணக்கு அல்ல என்று நினைக்கிறேன்.

இன்னொன்று நம்ம வேலூர். சி.எம்.சி. பக்கம் போனவர்களுக்குத் தெரியும், லாட்ஜ் போர்டுகளில் பெங்காலி எழுத்து இருக்கும். அவ்வளவு வங்காளிகள் காட்பாடிக்கு ரயிலேறுகிறார்கள். அங்கே மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்குச் செய்த மரபணு சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, ஃபேக்டர் 8 மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். ஐந்து பேரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதம். அதில் ஒரு கசிவும் இல்லை. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹீமோபிலியா பி மரபணு சிகிச்சையின் விலை 35 லட்சம் டாலர், ஏறக்குறைய 30 கோடி ரூபாய். அந்தப் பின்னணியில் வேலூர் ஆய்வு ஏன் இவ்வளவு பேசப்பட்டது என்று புரியும். ஆனால் ஐந்து பேர் என்பது ஐந்து பேர்தான். கீமோதெரபி மருந்து கொடுத்த பிறகே செல்களை ஏற்ற வேண்டும் என்பதால் இது எல்லோருக்குமான எளிய வழியும் இல்லை. கோசாபா பையனுக்கு இன்னும் பல வருடம் குப்பிதான்.

உங்கள் ஆபீஸில் ஒருவர்

நீங்கள் 28 வயதில் ஒரு டீம் நடத்துகிறீர்கள், டீமில் ஒருவர் சில காலை திடீரென்று 'கணுக்கால் வீங்கிடுச்சு, வர முடியல' என்கிறார் என்றால், அது சாக்காக இல்லாமலும் இருக்கலாம். வலிக்கிறது என்று உங்கள் டிராயரில் இருக்கும் புரூஃபன், ஆஸ்பிரின் எதையும் நீட்டாதீர்கள். கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் பரவாயில்லை. தசையில் போடும் ஊசியும் கூடாது.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவை 21 குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பாகுபாடு கூடாது என்கிற பாதுகாப்பு அதனால் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 34-ம் பிரிவைப் படியுங்கள். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு பார்வை, செவி, இயக்கக் குறைபாடு, மனநலம் மற்றும் அறிவுசார் குறைபாடு ஆகிய வகைகளுக்குத்தான். ரத்த நோய்கள் அதில் இல்லை. ஹீமோபிலியா உள்ள ஒருவர் அந்த ஒதுக்கீட்டுக்குள் வர வேண்டுமென்றால், கசிந்து கசிந்து மூட்டு நிரந்தரமாகக் கெட்டு, 'இயக்கக் குறைபாடு 40 சதவீதம்' என்று சான்றிதழ் வாங்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும்.